நம் தெருப் பிள்ளைகளின் உடல்நலமும் இணைய வரைபடமும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்து அங்கன்வாடிகளில் அம்மாக்களோடு உட்கார்ந்து, பிள்ளைகளின் உடல்நலத்தை வரைபடத்தில் குறிக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். போகிற இடமெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்களுக்கு அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று பதில்களை எழுதி வைக்கிறேன்.

இணைய வரைபடம் என்றால் கூகுள் மேப்தானே?

அதுவும் ஒன்று. ஆனால் வழி கேட்கும் மேப்புக்கும் நாம் இங்கே பேசும் மேப்புக்கும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பள்ளிக்கூடத்தில் பட்டர் பேப்பரை வைத்து ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வரைந்திருப்பீர்கள். அதேதான் இதுவும். அடியில் தெருக்கள். அதன்மேல் வார்டு எல்லை ஒரு தாள், அங்கன்வாடிகள் ஒரு தாள், காற்று மாசு ஒரு தாள், மழைத்தண்ணீர் தேங்கும் இடங்கள் ஒரு தாள். வேண்டியதை மேலே வைத்து, வேண்டாததை எடுத்துவிடலாம். விரலால் பெரிதாக்கினால் உங்கள் சந்து வரைக்கும் போகும். சிலவற்றில் வருடத்தைப் பின்னால் நகர்த்திப் பழைய படத்தையும் பார்க்கலாம்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் போகிறோம். வரைபடம் எதற்கு?

டாக்டர் உங்கள் பிள்ளையைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறு டாக்டரிடம் போயிருக்கும், எதிர்வீட்டுப் பிள்ளைக்கு மெடிக்கல் ஷாப்பில் மருந்து வாங்கிக் கொடுத்திருப்பார்கள். மூன்று பேருக்கும் ஒரே வாரத்தில், ஒரே குழாய்த் தண்ணீரால் வயிறு கெட்டது என்பதை ஒன்றுசேர்த்துப் பார்க்க யாருமில்லை. அந்த இடத்துக்குத்தான் வரைபடம்.

ஒரு மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கன்வாடியில் தெருப்படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து விரித்தோம். மார்க்கர் இல்லை. ஓர் அம்மா கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தார். சிவப்புப் பொட்டு வீசிங்குக்கு, பச்சைப் பொட்டு பேதிக்கு என்று முடிவானது. எல்லோருமே குப்பைத் தொட்டிப் பக்கம்தான் பச்சை கூடும் என்று நினைத்தோம். ஒட்டி முடித்தபோது தொட்டியருகே இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் தெருவின் கடைசியில், வரிசையாக ஒன்பது வீடுகளில். அங்கே குழாய் தெரு மட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில் இருந்தது. மறுநாள், கிருமியைக் கொல்லத் தண்ணீரில் போடும் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க வந்தவரிடம் கேட்டு வீடு வீடாகப் பார்த்தோம். தெரு முனை வீட்டுத் தண்ணீரில் சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டதும் மஞ்சளானது. கடைசி வீட்டில் நிறமே மாறவில்லை. குழாய்த் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வழியில் எங்கோ சாக்கடை கலந்து குளோரினைத் தின்றுகொண்டிருந்தது. தோண்டியபோது இணைப்பு ஒன்று விட்டுப்போயிருந்தது தெரிந்தது.

அந்தத் தாளில் கம்ப்யூட்டர் வேலை எதுவும் இல்லை. அதையே இணையத்தில் ஏற்றியதால், அடுத்த மழைக்கும் அதே இடத்தை முதலில் பார்க்க முடிந்தது.

சரி, எந்தெந்தத் தளத்தைத் திறப்பது?

அடிப்படை வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து வரைவது. விட்டுப்போன தெருவையோ அங்கன்வாடியையோ நீங்களே சேர்க்கலாம். அதன்மேல் சொந்தக் குறிப்புகளை வைக்க யூமேப் என்ற இலவசத் தளம் போதும். கூகுளின் மை மேப்ஸும் சரிதான். சென்னையின் 200 வார்டு எல்லைகளும் ஓப்பன்சிட்டி தளத்தில் பதிவிறக்கக் கிடைக்கின்றன. 15 மண்டலப் பிரிப்பில் நம் பக்கத்து மண்டலங்களின் வார்டு எண்கள் இவை: திருவொற்றியூர் 1 முதல் 14 வரை, மணலி 15 முதல் 21, மாதவரம் 22 முதல் 33, தண்டையார்பேட்டை 34 முதல் 48, ராயபுரம் 49 முதல் 63, திரு.வி.க. நகர் 64 முதல் 78.

காற்றுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலி. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று பார்க்க விண்டி. செயற்கைக்கோள் படத்துக்கு இஸ்ரோவின் புவன், பழைய படங்களுக்கு கூகுள் எர்த். இவ்வளவையும் ஒரே நாளில் திறந்து குழம்ப வேண்டாம். ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, அதற்குத் தேவையான ஒன்றை மட்டும் திறங்கள்.

காற்று மாசு மேப்பில் எங்கள் பகுதி பச்சையாக இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் இளைப்பு. எதை நம்புவது?

பிள்ளையை நம்புங்கள். மேப் பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை. அது எதை அளக்கிறது, எங்கே அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த முரண்பாடு புரியும்.

முதலில் நிறம். இந்தியக் கணக்கில் காற்றுத் தரக் குறியீடு 50 வரை 'நன்று', 51 முதல் 100 வரை 'திருப்தி'. இரண்டுமே பச்சைதான், இரண்டாவது கொஞ்சம் வெளிர். பி.எம். 2.5 என்னும் நுண்துகள், அதாவது நுரையீரலின் அடிவரை போகும் தூசு, ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் இந்த 'திருப்தி'க்குள் வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன ஒருநாள் அளவு 15. ஆக 55 மைக்ரோகிராம் உள்ள நாள் நம் மேப்பில் பச்சை. உலக சுகாதார நிறுவன அளவுகோலில் மூன்றரை மடங்குக்கும் மேல். 'திருப்தி' என்ற வகைக்குப் பக்கத்திலேயே, எளிதில் பாதிக்கப்படுபவர்களுக்கு லேசான மூச்சுச் சிரமம் வரலாம் என்று வாரியமே எழுதியிருக்கிறது. வீசிங் உள்ள பிள்ளை அந்த எளிதில் பாதிக்கப்படுபவர்தான்.

இரண்டாவது, நேரம். குறியீடு பெரும்பாலான மாசுகளுக்கு 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடப்படுகிறது. நடு இரவில் இரண்டு மணி நேரம் நாற்றம் வந்து போனால், அது பகல் முழுவதன் நல்ல காற்றோடு கலந்து கரைந்துவிடும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை யாரும் மறக்கவில்லை. அந்த மாதிரி இரவுகளைச் சராசரி காட்டாது. அதனால் நேரத்தைக் குறித்துவையுங்கள். 'செவ்வாய் ராத்திரி 11:40, முட்டை அழுகின வாசனை, கண் எரிச்சல்' என்று ஒரு வரி போதும்.

மூன்றாவது, இடம். வாரியத்தின் மேப்பில் நம் பக்கம் மணலி, மணலி கிராமம், ராயபுரம், கொடுங்கையூர் என்று நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் தெரு எதற்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். சில இடங்களில் இருப்பவை வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் கையால் மாதிரி எடுக்கும் நிலையங்கள். அவை அந்தந்த நிமிட மேப்பில் வராது.

இங்கேதான் விண்டி உதவும். பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வந்து மணலித் தொழிற்சாலைகளின் புகையை மாதவரம் பக்கம் தள்ளும். தென்மேற்குக் காற்றுக் காலத்திலும், பல ராத்திரிகளில் நிலக்காற்று வீசும்போதும், அதே புகை கிழக்கே திருவொற்றியூர்ப் பக்கம் திரும்பும். 'பகலில் ஒன்றும் இல்லை, படுத்தால்தான் இருமல்' என்று ஒற்றியூர் அம்மா சொல்வதையும் காற்றின் திசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல நாள் பொருந்திவரும். அதுவே நிரூபணம் ஆகாது. வீட்டுக்குள் ஏற்றும் கொசுவத்தி, ஈரச் சுவரின் பூஞ்சை, தலையணைத் தூசு என்று ராத்திரி இருமலுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கேள்வி கேட்பதற்கு அது போதும்.

பால்கனியில் மாட்டும் சின்ன சென்சாரைப் பற்றியும் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் நம்முடைய கடலோர ஈரப்பதத்தில் அவை பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும். அதனால் எண்ணை விட்டுவிட்டு ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் குழந்தைகள் ஊட்டச்சத்து மேப் ஒன்று பார்த்தேன். அதில் சென்னை நன்றாகவே தெரிந்தது. அப்படியென்றால் நாமும் சரிதானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அந்த மேப்புகளில் பெரும்பாலானவை தேசிய குடும்பநல ஆய்வை வைத்து வரைந்தவை. ஐந்தாவது ஆய்வு 2019 முதல் 2021 வரை நடந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 22 பேர் எடை குறைந்தவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இரத்தசோகை உள்ளவர்கள் நூற்றுக்கு 57 பேர். அதற்கு முந்தைய ஆய்வில் அது 51 அளவில் இருந்தது, அதாவது கூடியிருக்கிறது. மாநிலத்துக்கு இவை முக்கியமான எண்கள்.

ஆனால் இந்த ஆய்வு மாவட்டத்துக்குக் கீழே இறங்காது. புளியந்தோப்பும், பணக்காரர்கள் வாழும் போட் கிளப்பும் அதில் ஒரே நிறம். இன்னொன்று இருக்கிறது. ஐந்தாவது ஆய்வு 2017 மார்ச் 31 அன்று இருந்த மாவட்ட எல்லைகளை வைத்து நடந்தது. சென்னை மாவட்டத்தை மாநகராட்சி அளவுக்கு விரித்தது 2018-இல். அப்படியானால் திருவொற்றியூர், மணலி, மாதவரம் பிள்ளைகள் அந்த மேப்பில் சென்னையில் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்துக் கணக்கில், கும்மிடிப்பூண்டியோடும் திருத்தணியோடும் சேர்ந்து இருக்கிறார்கள். மாநகராட்சிக்கு வரி கட்டுகிற எண்ணூர்க் குடும்பம் 'சென்னை' நிறத்தைப் பார்த்து நிம்மதி அடைய அதில் ஒன்றுமே இல்லை.

உங்கள் தெருப் பிள்ளைகளின் வளர்ச்சி தெரிய வேண்டுமென்றால் அது அங்கன்வாடியில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். இப்போது போஷன் டிராக்கர் செயலியிலும் ஏற்றுகிறார்கள். கையின் மேல்பகுதியைச் சுற்றி அளக்கும் நாடாவைப் பார்த்திருப்பீர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு, 11.5 முதல் 12.5 வரை மிதமானது. பெயர் வேண்டாம், எத்தனை பேர் என்று மட்டும் டீச்சரிடம் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மாதாமாதம் சேர்த்தால் எந்த அங்கன்வாடியில் எந்த மாதம் எடை இறங்குகிறது என்று தெரியும். நான் பார்த்த இடங்களில் மழை மாதங்களில்தான் இறங்கியது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை காசிமேட்டுப் பக்கத்து அங்கன்வாடிகளில் எப்படி இருக்கிறது என்று அங்குள்ளவர்கள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

எங்கள் வார்டு சிவப்பு, பக்கத்து வார்டு மஞ்சள். நாங்கள் அவ்வளவு மோசமா?

நிறத்தைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் ஓரத்தில் உள்ள குறிப்பைப் படியுங்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை சிவப்பு என்பதை வரைந்தவர்தான் முடிவு செய்கிறார். 19 சதவீதம் மஞ்சள், 20 சதவீதம் சிவப்பு என்று வெட்டினால் ஒரு சதவீத வித்தியாசம் பூகம்பம் மாதிரி தெரியும்.

அப்புறம், மொத்த எண்ணிக்கையா விகிதமா என்று பாருங்கள். பிள்ளைகள் அதிகம் உள்ள வார்டில் காய்ச்சல்காரர்களும் அதிகம் இருப்பார்கள், அதில் வியப்பில்லை. விகிதம் போட மொத்தப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். நம்மிடம் இருப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கு. 2021-இல் வர வேண்டியது தள்ளிப்போய்விட்டது. இடையில் எத்தனையோ குடும்பங்கள் நம் பக்கத்திலிருந்து நகருக்கு வெளியே பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டிருக்கின்றன, எத்தனையோ குடும்பங்கள் வெளிமாநிலத்திலிருந்து வந்திருக்கின்றன. கீழே இருக்கும் எண் பழசு என்றால் மேலே வரும் நிறமும் அப்படித்தான்.

சின்ன எண்களிலும் கவனம் தேவை. 25 பிள்ளைகள் உள்ள அங்கன்வாடியில் எடை குறைந்தவர் இரண்டு பேர் நான்கு பேரானால் 'நூறு சதவீதம் உயர்வு'. அந்த இரண்டு பிள்ளைகளும் முக்கியம், போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் வார்டே சரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

மேப்பில் புள்ளியே இல்லாத இடம் ஆரோக்கியமான இடமா?

இல்லை. யாரும் போய்க் கேட்காத இடமாக இருக்கலாம். கால்வாய்க் கரைக் குடிசைகள், கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்கள் தங்கும் ஷெட்டுகள் இவையெல்லாம் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். நான் வரைபடத்தைத் திறந்தால் முதலில் பார்ப்பது வெள்ளை இடத்தைத்தான்.

சுகாதார நிலையம் 300 மீட்டர்தான் என்று மேப் காட்டுகிறது. பிறகு ஏன் யாரும் தடுப்பூசிக்குப் போவதில்லை?

ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டேன். என் போனை வாங்கி, திரையில் விரலை வைத்தார். "அக்கா, காக்கா பறந்து போற தூரம் இது. நான் எப்படிப் போறேன் பாருங்க" என்று வீட்டிலிருந்து விரலை நகர்த்தினார். தண்டவாளம் வந்ததும் விரல் நின்றது. அப்படியே வலது பக்கம் கேட் வரைக்கும் போய், கடந்து, கால்வாய்ப் பாலத்துக்குத் திரும்பி, பாலம் ஏறி இறங்கி, மறுபடி இடது பக்கம் வந்தது. அளந்து பார்த்தோம். ஒன்றேகால் கிலோமீட்டர். இடுப்பில் கைக்குழந்தை, கையில் இன்னொன்று. கேட் போட்டிருந்தால் கூட்ஸ் ரயில் போகும்வரை வெயிலில் நிற்க வேண்டும்.

வடசென்னையைப் பக்கிங்காம் கால்வாயும் ரயில் பாதைகளும் துண்டு துண்டாக வெட்டியிருக்கின்றன. இங்கே வட்டம் போட்டு 'அரை கிலோமீட்டருக்குள் வசதி உண்டு' என்று சொல்லும் வரைபடம் உதவாது. நடைவழியை வைத்துத்தான் தூரம் போட வேண்டும். அதற்கு முதலில் எந்தப் பாலம் உண்மையில் நடக்கக்கூடியது, எந்தச் சுரங்கப்பாதை மழைக்கு மூடும் என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சரியாக இருக்க வேண்டும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் நடுவில் தூரம் எவ்வளவு கூடும் என்பது நமக்குத் தெரியும், மேப்புக்குச் சொன்னால்தான் தெரியும்.

எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்று புள்ளி வைத்தால் உதவி செய்ய எளிதாக இருக்குமே?

தயவுசெய்து வேண்டாம். ஒட்டுமொத்த வேலையிலும் நான் கண்டிப்பாக இருக்கும் இடம் இதுதான்.

தாளில் பொட்டு வைத்தபோது அது அந்த அறைக்குள், அந்த அம்மாக்களின் கண்முன்னே இருந்தது. பார்த்துவிட்டுச் சுருட்டி வைத்தோம். இணையத்தில் வைத்தால் அது எல்லோருக்கும் போகும். காசநோய் மாத்திரை சாப்பிடும் பிள்ளையின் வீட்டைக் குறித்துவிட்டால், வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்வார். பள்ளியில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். நம் பகுதிப் பெயரைச் சொன்னாலே வேலைக்கு எடுக்கத் தயங்குகிற ஊர் இது. அதற்கு மேல் 'நோய்த் தெரு' என்று ஒரு முத்திரையை நாமே நம் பிள்ளைகளின் நெற்றியில் ஒட்டக் கூடாது.

நாங்கள் செய்வது இது. தாள் அளவில் வீடு வரை பார்ப்போம். இணையத்தில் ஏற்றும்போது நாலைந்து தெருவைச் சேர்த்து ஒரு கட்டமாக்குவோம். ஒரு கட்டத்தில் ஐந்து பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் எண்ணைப் போட மாட்டோம். பெயர், வயது, கைப்பேசி எண் எதுவும் ஏறாது. பிள்ளைகளின் படமும் கிடையாது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது, பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஒருமுறை சம்மதித்த அம்மா அடுத்த வாரம் வேண்டாம் என்றால், உடனே எடுத்துவிட வேண்டும்.

இடத்தைப் பற்றிய புள்ளிகளில் இந்தச் சிக்கல் இல்லை. மூடி இல்லாத சாக்கடைத் தொட்டி, கலங்கல் தண்ணீர் வரும் குழாய், லாரி தண்ணீருக்காக வைத்த டிரம்மில் கொசுப்புழு, தெருவிளக்கு எரியாத திருப்பம். இவற்றை எவ்வளவு துல்லியமாக வேண்டுமானாலும் குறியுங்கள். டெங்கு கொசு தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பொதுவாகப் போவதில்லை. ஆகவே டிரம் எங்கே என்பதைக் குறிப்பதுதான் பிள்ளை யார் என்பதைக் குறிப்பதைவிடப் பயன்.

மருத்துவமனைப் பதிவுகளை வாங்க முடியுமா?

தனிப்பட்ட பதிவுகள் முடியாது, கூடாது. வார்டு வாரியாக மாத எண்ணிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ எங்கெங்கிருந்தோ வருவார்கள். மருத்துவமனை இருக்கும் வார்டில் நோய் அதிகம் என்று படித்துவிடக் கூடாது.

எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

உங்களுக்குத் தெருவும் பிள்ளைகளும் தெரியும். போனில் படம் எடுக்கத் தெரிந்தால் போதும். மேப்பில் ஏற்றுவதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும்.

பிள்ளைகளையே வரையச் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

நான்காம் வகுப்பில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, 'வீட்டிலிருந்து ஸ்கூலுக்கு வர்ற வழியை வரை, பயமா இருக்கிற இடத்துக்குச் சிவப்பு, பிடிச்ச இடத்துக்குப் பச்சை' என்று சொன்னோம். பெரியவர்கள் வரைந்த மேப்பில் இல்லாதவை வந்தன. கன்டெய்னர் லாரி திரும்பும் முனை, அதன் சக்கரம் மட்டும் தாளில் பாதி அளவுக்கு. ஒரு நாய், பெயரோடு. டாஸ்மாக் வாசல். மாஞ்சா நூல் கழுத்தில் பட்ட இடம் என்று ஒரு பையன் மின்கம்பத்தைக் காட்டினான். ஒரு பெண் பிள்ளை பள்ளிக் கழிப்பறையைச் சிவப்பாக்கியிருந்தாள். கேட்டால் தாழ்ப்பாள் இல்லை என்றாள். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அவளோடு இன்னும் ஆறு பேர் அப்படித்தான். சிறுநீர்த் தொற்றுக்கு அங்கே ஒரு காரணம் இருந்தது. எந்தச் செயற்கைக்கோளும் அதைக் காட்டியிருக்காது. தாழ்ப்பாள் அந்த வாரமே போடப்பட்டது.

பச்சையில் என்ன இருந்தது தெரியுமா? பாதிப் பேருக்கு ஒரே இடம்: கால்பந்து ஆடும் மைதானம். வியாசர்பாடிப் பிள்ளைகளைக் கேட்டால் வேறு எதைச் சொல்வார்கள். விளையாடும் இடமும் உடல்நலக் கணக்கில் வர வேண்டும். மைதானம் எத்தனை, அதில் பெண் பிள்ளைகள் எந்த நேரத்தில் ஆட முடிகிறது, அங்கே குடிதண்ணீர் இருக்கிறதா என்று தனியாக ஒரு தாள் போட்டு வையுங்கள்.

பழைய செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து என்ன பயன்?

எண்ணூர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு நிறைய. கூகுள் எர்த்தில் வருடத்தைப் பின்னே இழுத்தால் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் எப்படிப் பரவியது, அலையாத்தி மரங்கள் எங்கே குறைந்தன, எந்த வாய்க்கால் காணாமல் போனது என்று தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் வந்து வீடுகளுக்குள் கறுப்பாகப் படிந்ததே, அந்த வீடுகள் ஏன் அங்கே மாட்டிக்கொண்டன என்பதும் அந்தப் படங்களில் ஓரளவு புரியும். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வீடுகள் எந்தெந்தத் தாழ்வான தெருக்களில் எத்தனை என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தால், அடுத்த மழைக்கு முதல் படகை எங்கே அனுப்புவது என்று அப்போது யோசிக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கும் பொதுவில் போவதல்ல. அங்கன்வாடி டீச்சரிடமும் நகர்ப்புறச் செவிலியரிடமும் இருக்க வேண்டியது.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது?

எல்லோரிடமும் எல்லாவற்றையும் காட்டாதீர்கள். ஒரு தாள், ஒரு பிரச்சினை, ஓர் ஆள். தண்ணீர் கலங்கல் என்றால் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகம். குப்பை, கொசு, தெருவிளக்கு என்றால் மாநகராட்சியின் 1913. புகார் எண்ணை வாங்கி அதே வரைபடத்தில் அந்தப் புள்ளியிலேயே எழுதிவையுங்கள். சரியானதும் நிறத்தை மாற்றுங்கள். கவுன்சிலரிடம் போகும்போது அச்சடித்த தாளோடு போங்கள். போன் திரையை நீட்டினால் இரண்டு வினாடி பார்ப்பார்கள், தாளைக் கையில் கொடுத்தால் மேசையில் விரித்துத் தன் வீடு எங்கே என்று தேடுவார்கள். அந்தத் தேடலில் ஐந்து நிமிடம் கிடைக்கும். ஏரியா சபைக் கூட்டம் நடக்கும்போது தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, பேச வேண்டியவரை அந்தத் தெரு அம்மாவாக வையுங்கள். நான் பேசிய கூட்டங்களைவிட அவர்கள் பேசிய கூட்டங்களில்தான் வேலை நடந்தது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?

வருடத்துக்கு மூன்று முறை என்று வைத்திருக்கிறோம். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்று. மழை ஓய்ந்து, டிசம்பர் கடைசியில் ஒன்று. போகி முடிந்த வாரம் ஒன்று, ஏனென்றால் டயரும் பழைய பாயும் எரித்த புகை பனிமூட்டத்தோடு தரையிலேயே நிற்கும் அந்தக் காலையில் எத்தனை பிள்ளைகளுக்கு நெபுலைசர் வைக்க வேண்டிவந்தது என்று அப்போது கேட்டால்தான் சரியாகச் சொல்வார்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி எழுத மறக்காதீர்கள். எங்களுடைய முதல் தாளில் எழுதவில்லை. பச்சைப் பொட்டுகள் ஒட்டியபடியே இருக்கின்றன, அது எந்த வருடத்து மழை என்று அங்கன்வாடி ஆயாவைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தோம். 'என் பேத்திக்கு மொட்டை அடிச்ச வருஷம்' என்றார். அந்தத் தேதியைப் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறோம்.